விலை போகாத யானை

கல்யாணத்துக்கென்று வாங்கிய பெரிய அண்டா ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும். அன்றாடச் சமையலுக்கு உதவாது. விற்கவும் மனம் வராது. அப்படி 23 அண்டாக்கள் தங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்?

பிரான்ஸ் தேசத்தில், மோல்ஷைம் என்ற ஊரில் கார்த் தொழிற்சாலை நடத்திய எட்டோரே புகாட்டிக்கு அந்தச் சங்கடம்தான் வந்தது. ராஜாக்களுக்கென்றே ஒரு கார் செய்ய ஆசைப்பட்டார் மனிதர். பெயரே 'ரோயால்'. அதில் வைத்த என்ஜினின் அளவு 12.7 லிட்டர். இன்று நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களுக்கு ஒரு லிட்டரே போதுகிறது! காரின் முகப்பில், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் ஒரு யானைப் பொம்மை. 1916-ல் இறந்துபோன தம்பி, சிற்பி ரெம்பிராண்ட் செய்து வைத்த உருவம் அது.

25 கார்கள் செய்வதாகத் திட்டம். 1929-ல் உலகமெங்கும் பண நெருக்கடி வந்தது. ஒரு ராஜாகூட வாங்கவில்லை. அல்பேனிய மன்னர் கேட்டு வந்தாராம். அவர் சாப்பிடும் லட்சணம் பிடிக்காமல் புகாட்டியே மறுத்துவிட்டாராம். இது கதையாகவே இருக்கலாம், ஆனால் சுவையான கதை! மொத்தம் செய்தது 6. வெளியாருக்கு விற்றது 3. 1932-ல் முதல் காரை வாங்கிய ஜவுளிச் சீமான் எஸ்டர்ஸ், "இரவில் நான் வெளியே போவதில்லை" என்று முன்விளக்கே வேண்டாமென்று விட்டார். அத்தனை பணம் கொடுத்தும், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டிய கார்!

கார் போகட்டும். தொழிலாளிகளுக்குக் கூலி கொடுத்தாக வேண்டுமே? யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். புகாட்டி தம் யானைகளைத் தண்டவாளத்தில் ஏற்றினார். ஒரே பெட்டியாக ஓடும் ரயில் வண்டி. அதன் நடுவே நான்கு ரோயால் என்ஜின்கள், ஒவ்வொன்றும் 200 குதிரை சக்தி. ஓட்டுகிறவர் முன்னால் உட்காரவில்லை. கூரையின் நடுவில் கோபுரம்போல் எழும்பிய கூண்டிலிருந்து, தலைக்கு மேல் தலை வைத்தாற்போல் பார்த்து ஓட்டினார். சத்தம் குறைய, சக்கரங்களுக்குள் ரப்பர் வைத்திருந்தார்கள். 1933-ல் ஓடத் தொடங்கியது. பின்னர் மணிக்கு 196 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டிக் காட்டியது!

ரயில்வே நிர்வாகம் மேலும் மேலும் கேட்டது. கையிருப்பு என்ஜின்கள் தீர்ந்து, புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. பல வண்டிகள் உருவாயின. சிலவற்றில் இரண்டே என்ஜின்கள். விலை போகாத பொருள்தான் தொழிற்சாலைக்குச் சோறு போட்டது. ஆனாலும் பாருங்கள், 1936-ல் அந்தத் தொழிலாளிகளே வேலைநிறுத்தம் செய்து ஆலைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். தம் ஆட்களைப் பிள்ளைகளாக நினைத்திருந்த புகாட்டி மனமுடைந்து, பொறுப்பை மகன் ழானிடம் விட்டுப் பாரிஸுக்குப் போய்விட்டார். கூலிக்காரன் பிள்ளையல்ல, கணக்குக் கேட்கிறவன் என்பது பல முதலாளிகளுக்குப் புரிவதில்லை.

பெட்ரோலோடு பென்ஸாலும் ஆல்கஹாலும் கலந்து குடித்த இந்த வண்டிகள், யுத்தத்துக்குப் பின் வந்த டீசல் வண்டிகளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1950-களின் கடைசியில் ஓய்ந்தன. ஒன்றே ஒன்று மியூலூஸ் நகரத்து ரயில் காட்சிசாலையில் நிற்கிறது. அதே ஊரின் கார் காட்சிசாலையில் இரண்டு ரோயால் கார்கள், யானைப் பொம்மையோடு.