செஞ்சேற்றுக்குக் கணக்கு வேண்டும்

அலுமினியத்தை விரும்பும் தேசம் எதுவாயினும், அந்த வெண்ணிற லோகத்தோடு செந்நிறச் சேறு ஒன்றையும் ஏற்றுக்கொண்டே தீர வேண்டும் என்பது இத்தொழிலின் விதி. பாக்சைட் கல்லைப் பொடியாக்கி, காஸ்டிக் சோடாவில் உஷ்ணமும் அழுத்தமும் கொடுத்துக் கரைத்து, அலுமினாவைப் பிரித்தெடுக்கும் முறையைக் கார்ல் யோசப் பேயர் என்ற ஆஸ்திரிய ரசாயன நிபுணர் 1880-களின் பிற்பகுதியில் வகுத்தார். இன்றளவும் அம்முறையே பிரதானமாக இருந்து வருகிறது. அதில் கரையாது நிற்கும் இரும்பும் டைட்டானியமும் மணற்சத்தும் சோடாவின் காரத்தைச் சுமந்துகொண்டு சேறாக வெளிவருகின்றன. ஒரு டன் அலுமினாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் வரை சேறு என்றால், உலகெங்கும் ஆண்டுதோறும் சேர்வது 15 கோடி டன்னுக்கு மேல்.

பிரான்ஸோடு நெடுங்காலம் உறவாடிய புதுவை வாசகருக்கு இச்சரித்திரம் முற்றும் அந்நியமானதன்று. 1821-இல் பியேர் பெர்த்தியே பாக்சைட்டை இனங்கண்டது தென்பிரான்ஸிலுள்ள லெ போ என்னும் கிராமத்தில்; அலுமினாவை மின்சாரத்தால் லோகமாக்கும் வழியை 1886-இல் கண்ட இருவரில் ஒருவர் பிரெஞ்சுக்காரரான போல் எரூ. ஆயினும் அதே தேசம், மார்செய் நகருக்கு அருகிலுள்ள கார்தான் ஆலையின் சேற்றைக் குழாய் வழியே மத்தியதரைக் கடலில் கொட்டிவந்து, 2015-ஆம் ஆண்டின் முடிவில்தான் அதை நிறுத்திற்று. ஹங்கேரியின் அய்கா நகரில் 2010 அக்டோபர் 4-ஆம் தேதி சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து 10 பேர் மாண்டனர். நம் ஜார்க்கண்டின் முரியிலும் 2019 ஏப்ரலில் சேற்றுமேடு சரிந்தது.

நமக்கு அணித்தான உதாரணம் மேட்டூர். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு அங்கே 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, 2008-இல் அத்தொழிலை நிறுத்தியது. நாற்பது ஆண்டுக் காலத்துச் செஞ்சேறோ காவிரி வட்டாரத்தின் பாரமாயிற்று. சேலம் ஜில்லாவின் விவகாரம் புதுவைக்கு எதற்கு என்று கேட்பவர், நம் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் காவிரியின் கடைமடை என்பதையும், புதுவைக்கென நடுவர் மன்றம் 2007-இல் ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீர் அந்நதியிலிருந்தே வர வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்வாராக.

இச்சேற்றை வெறும் கழிவென்று தள்ளுதல் தகாது என்று சாஸ்திர நிபுணர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதில் இரும்பு ஆக்ஸைடே பல இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஸ்காண்டியம் போன்ற அபூர்வ லோகங்களும் சிறிது உண்டு. மின்னணுச் சாதனங்களுக்கு இன்றியமையாத காலியமும் பாக்சைட்டிலிருந்தே பெரிதும் கிடைக்கிறது. அதன் உற்பத்தி அநேகமாக முழுவதையும் கைக்கொண்டுள்ள சீனா 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கவே, உலகம் திடுக்கிட்டு விழித்தது. நம் மத்திய சர்க்காரும் அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜூனில் வெளியிட்ட 30 முக்கிய கனிமங்களின் பட்டியலில் காலியத்தைச் சேர்த்திருந்தது. ஆனால் பாக்சைட்டிலுள்ள காலியத்தின் பெரும்பகுதி சேற்றுக்குள் போவதில்லை. ஆலை ஓடும்போது சுழன்று வரும் சோடாத் திராவகத்திலேயே தங்குகிறது. மேட்டூரிலும் ஒரு காலத்தில் அதைப் பிரித்தெடுத்ததுண்டு. ஆலை மூடப்பட்டபின் அந்த வாய்ப்பு மூடப்பட்டதே.

ஆகவே அபூர்வ லோகங்களின் பெயரால் எழும் உற்சாகத்தை நான் சற்றே சந்தேகத்தோடு பார்க்கிறேன். பொற்கொல்லர் பட்டறைத் தூசியைச் சலித்துப் பொன் எடுப்பவன் மிச்சத்தைத் தெருவில் கொட்டிவிட்டுப் போகலாம்; செஞ்சேற்றிலோ, ஒரு டன்னிலிருந்து சில பத்துக் கிராம் ஸ்காண்டியத்தை எடுத்தபின்னும் காரம் மிகுந்த மிச்சம் ஏறக்குறைய ஒரு டன்னாகவே நிற்கும். மேடு குறைய வேண்டுமாயின் மொத்தமாக விழுங்கும் தொழில் வேண்டும், அது சிமெண்ட். சூளையிலிடும் கலவைக்கு இரும்புச்சத்து அவசியம். அதற்காகச் செந்நிறக் கப்பிக் கல்லை வெட்டி எடுப்பதற்குப் பதிலாகச் செஞ்சேற்றைச் சேர்க்கலாம். ஹிண்டால்கோ ஆலைகளின் சேறு சிமெண்ட் ஆலைகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மேட்டூருக்கு அருகே சங்ககிரியிலும், கிழக்கே அரியலூர், டால்மியாபுரம் வட்டாரங்களிலும் சூளைகள் உள்ளன. சோடாவின் அளவும் ஈரமும் வண்டிச் சத்தமும் தடைகளே. எனினும் சேற்றை வடிகட்டிப் பிழிந்து உலர்த்துவதும், கலவையில் அளவறிந்து சேர்ப்பதும் அசாத்தியமல்ல.

தடைகளுக்கு ஆகும் செலவு யாருடையது என்பதே முடிவான கேள்வி. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயத்தை, வேலூர்த் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே ஸ்தாபித்திருக்கிறது. அந்நியாயப்படி, மேட்டூரில் எஞ்சியுள்ள சேறு எவ்வளவு, அதன் காரம் எவ்வளவு, நிலத்தடி நீரின் நிலை யாது என்பதைத் தமிழக சர்க்கார் பரிசோதித்துப் பிரசுரிக்க வேண்டும். கடைமடைக்காரர் என்ற உரிமையோடு புதுவை சர்க்கார் அக்கணக்கைக் கேட்க வேண்டும். இனி அலுமினா ஆலை எதற்கும், அதன் சேற்றை வாங்கும் தொழில் இன்னதென்று முன்கூட்டியே காட்டாவிட்டால், அனுமதி அளிக்கக் கூடாது.