கல்யாண வீடியோவைக் காப்பாற்ற இரண்டு வரிக் கட்டளை போதும்

வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் டிவி அலமாரியைத் திறந்து பாருங்கள். ஸ்டூடியோக்காரர் கொடுத்த கல்யாண டிவிடி, மஞ்சள் நீராட்டு, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் என்று பத்து வட்டாவது கிடக்கும். போட்டுப் பார்க்க பிளேயர் இருக்காது. கேட்டால், "அதான் எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்தியாச்சே" என்பார்கள்.

கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன். அந்தக் கணக்கு வீட்டில் ஒருவர் பெயரில்தான் இருக்கும். கடவுச்சொல் தொலைந்தால், மாதக் கட்டணம் நின்றால், அவரே இல்லாமல் போனால், மொத்தக் குடும்பத்தின் நினைவும் பூட்டிய அறைக்குள் போய்விடும். ஹார்டு டிஸ்க்கை ரான்சம்வேர் பூட்டலாம். ஆனால் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடி வட்டில் பதித்து முடித்துவிட்டால், எந்த வைரஸும் அதை மாற்றி எழுத முடியாது.

அதற்காக அலமாரியில் இருக்கும் பழைய வட்டை நம்பி உட்கார முடியாது. அதில் தகவலைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப் படலம். வெயில், சூடு, ஈரம் பட்டால் கெட்டுவிடும். எனவே முதல் வேலை, பழைய வட்டை முழுசாக ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பது. லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச நிரல் இருக்கிறது. கீறல் விழுந்த இடத்தில் அது நின்றுவிடாது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, படிக்க முடியாத இடங்களைக் குறித்து வைத்து மறுபடி முயலும்.

அடுத்தது புது வட்டில் எழுதுவது. ஐஎஸ்ஓ கோப்பைச் சும்மா இழுத்து வட்டுக்குள் போட்டால், வட்டில் ஒரு கோப்பு இருக்குமே தவிர வீடியோ ஓடாது. அதை வட்டின் பிம்பமாகவே பதிக்க வேண்டும். லினக்ஸில் 'ஸோரிசோ', விண்டோஸில் 'ஐசோபர்ன்', மேக்கில் 'ஹெச்டிஐயூடில்' இதைச் செய்யும். எதற்கும் காசு இல்லை.

பட்டன் இருக்கும்போது கட்டளை எதற்கு என்று கேட்பீர்கள். டிரைவோடு வந்த மென்பொருள் அடுத்த கம்ப்யூட்டரில் ஓடுமா என்பதே சந்தேகம். எடுப்பதற்கு ஒரு வரி, எழுதுவதற்கு ஒரு வரி. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். மகளோ மருமகனோ பார்த்துத் தட்டிக்கொள்ளலாம்.

எழுதியதோடு விடாமல் சரிபாருங்கள். 'ஷா-256' கட்டளை ஒரு கோப்புக்கு 64 எழுத்தில் கைரேகை மாதிரி ஒன்றைத் தரும். மூலக் கோப்பின் ரேகையும், வட்டிலிருந்து திரும்பப் படித்ததன் ரேகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வட்டின் கடைசியில் வெற்றுப் பகுதி சேர்ந்திருக்கலாம், அதனால் கோப்பின் நீளத்துக்கு மட்டும் படித்து ஒப்பிடுங்கள்.

பிறகு, ஒரு வட்டோடு நிறுத்தாதீர்கள். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூலுக்கு வேறு எங்காவது ஒரு பிரதி கிடைக்கலாம். ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடி போனது போனதுதான். நம் வீட்டு வீடியோவும் ஒருவகையில் சுவடிதான், அச்சகத்தில் இன்னொன்று கிடைக்காது. ஆகவே ஒன்று உங்களிடம், ஒன்று ஊரில் அண்ணன் வீட்டில், ஒன்று கனடாவில் சித்தி வீட்டில் என்று பிரித்துக் கொடுங்கள்.

"இந்தக் காலத்துல யாருங்க டிவிடி போடுறா?" என்பது நியாயமான கேள்வி. எழுதக்கூடிய ப்ளூரே வட்டுத் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அவசரப்படச் சொல்வதற்குக் காரணமே அதுதான். யூஎஸ்பியில் செருகும் டிரைவும் நல்ல வெற்று வட்டும் இன்று சுலபமாகக் கிடைக்கின்றன. பத்து வருடம் கழித்து இப்படிக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நம் பிள்ளைகளில் பலர் ஆச்சியை நேரில் பார்த்ததே இல்லை. அவர் சிரித்ததையும் பேசியதையும் அவர்கள் கேட்க வேண்டுமென்றால், வரும் சனிக்கிழமை ஒரே ஒரு வட்டை எடுத்து ஆரம்பியுங்கள்.