வெறுக்கும் பொருளிலும் நீதி

மின்சிகரெட்டை நாம் வெறுக்கிறோம். உடலைக் கெடுப்பதை மார்க்கம் அனுமதிப்பதில்லை. இந்தியாவும் 2019-இல் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் சட்டத்தால் தடுத்துவிட்டது. ஆயினும் அதன் வரலாற்றில் நமக்கொரு பாடம் உண்டு.

2003-இல் அக்கருவியை உருவாக்கியவர் ஹோன் லிக் என்னும் சீன மருந்தாளுநர். நுரையீரல் புற்றுநோய்க்குத் தந்தையைப் பறிகொடுத்தவர். கருவி சந்தைக்கு வந்ததும் மலிவான நகல்கள் பெருகின. காப்புரிமை இருந்தும் அவற்றை நிறுத்த இயலவில்லை. 2013-இல் அந்தக் காப்புரிமைகள் ஏழரைக் கோடி டாலருக்கு இம்பீரியல் டொபாக்கோ நிறுவனத்தின் வசமாயின. சிகரெட்டுக்கு மாற்றாகப் பிறந்தது, சிகரெட் நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது.

“தீய பொருள்தானே, நகலெடுத்தால் என்ன?” என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். தீயதைத் தயாரிப்பது ஒரு குற்றம். பிறர் உழைப்பைப் பறிப்பது வேறொரு குற்றம். ஒன்று மற்றொன்றை ஹலாலாக்கிவிடாது. வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயம் கற்பிக்கும் நெறி. கண்டுபிடிப்பு, வணிகப் பெயர், நூலுரிமை ஆகியவை உரியவரின் சொத்து; அவற்றில் அத்துமீறல் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988-இல் குவைத்தில் தீர்மானித்தது.

அக்கருவியை நாம் வாங்கப்போவதில்லை. ஆனால், பெருநாளுக்கு வாங்கிய போலி முத்திரைச் சட்டையும் போலிக் கைக்கடிகாரமும் நம் வீட்டில்தான் இருக்கின்றன. மலிவாகக் கிடைத்ததென்று மகிழுமுன், அந்த விலைக்குறைப்பில் எவருடைய ஹக்கு பறிபோயிற்று என்பதை நம் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவோம்.