சுக்கான் பிடிப்பவருக்குச் சான்றிதழ் எதற்கு?

(மூன்றாம் ஆண்டு இளங்கலை, வரலாறு)

"கடலிலே பிறந்து கடலிலே வளர்ந்தவனுக்குக் காகிதம் எதற்கு?" நாகைக் கடற்கரையில் உள்ள எங்கள் ஊரில் இக்கேள்வியைக் கேட்காத பெரியவர் இல்லை. என் தந்தையார் முப்பது ஆண்டுகளாக விசைப்படகு ஓட்டுகிறார். எந்தத் தேர்வும் எழுதியவரல்லர். என் அண்ணனோ பத்தாம் வகுப்பு முடித்ததும் சென்னை இராயபுரத்தில் இரண்டாண்டுகள் படகு செலுத்தும் பயிற்சி பெற்றவர். இவ்விருவருக்கும் நடுவே வாழ்கின்றவன் என்ற முறையில் என் கருத்தைக் கூற விழைகிறேன்.

முதலில் அப்பயிற்சி பற்றிச் சில சொற்கள். மீன்பிடி கலங்களைச் செலுத்துவோரை உருவாக்க 1963-இல் நடுவண் அரசு கொச்சியில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. இன்று சிஃப்நெட் என்று அதனை அழைக்கின்றனர். 1968-இல் சென்னையிலும் 1981-இல் விசாகப்பட்டினத்திலும் அதன் கிளைகள் எழுந்தன. பயிற்சி முடிந்தவுடன் எவரும் படகுத் தலைவர் ஆகிவிடுவதில்லை. கடலில் பணிபுரிந்த காலத்தைக் கணக்குக் காட்டித் தேர்வு எழுத வேண்டும். துணைநிலைச் சான்றைக் கடந்தே ‘ஸ்கிப்பர்’ என்னும் தலைமைச் சான்றுக்கு வரவேண்டும்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் விடுப்பில் வந்த அண்ணன் அப்பாவின் படகில் வந்தார், நானும் சென்றேன். அன்று நல்ல பாடு. கிடங்கு நிரம்பிய பின்னும் மடி கனத்து ஏறிற்று. மீனை மேல்தளத்திலேயே கொட்டும்படி அப்பா கூறினார். அண்ணன் தடுத்தார்.

"அப்பா, இடுப்பில குடம் வச்சு நடக்குறதும் தலையில ரெண்டு குடம் அடுக்கி நடக்குறதும் ஒண்ணா? பாரம் மேல ஏற ஏறப் படகு சாயும். தண்ணி வடியுற ஓட்டையையும் மீன் அடைச்சிடும்."

"முப்பது வருசமா இந்தக் கடல்ல கெடக்குறேன். நேத்துப் படிச்சு வந்தவன் எனக்குப் பாரம் சொல்லித் தர்றியா?"

முடிவில், அந்த மடி மீனில் பாதியைக் கடலிலேயே விட்டுத் திரும்பினோம். டீசல் கடன் நிற்கின்ற வீட்டில் அது சிறிய இழப்பன்று. அன்று காற்றும் எழவில்லை; அலையும் பெருகவில்லை. ஆகவே யார் சொன்னது சரி என்று கடல் தீர்ப்புக் கூறவில்லை. வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. அந்த மூன்று நாளும் எனக்குள் எழுந்த சிந்தனையே இக்கட்டுரை.

அப்பாவின் அறிவு பொய்யன்று. வாடை எப்போது திரும்பும், கச்சான் எப்போது ஓயும், நீவாடு எப்பக்கம் இழுக்கும் என்பதை அவர் உடம்பாலேயே அறிவார். கரையில் தெரியும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கையும் ஒரே நேராக்கிப் பார்த்து, வலையைக் கிழிக்கும் பாறை இருக்கும் இடத்தைச் சொல்வார். அண்ணனின் பாடநூலிலும் இதே முறைதான் உள்ளது. பெயர் மட்டுமே வேறு. ஆறாமீன் எழும் நேரத்தை அவருக்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும், அப்பா பழகியது கடலோடு. இன்றைய கடலில் அவர் மட்டுமா இருக்கிறார்? இரவில் எதிரே வரும் சரக்குக் கப்பலின் அதிகாரி எந்நாட்டவரோ! அவரோடு பேசும் மொழி விளக்குகளே. வலப்புறம் பச்சை, இடப்புறம் சிவப்பு. இழுவலை இழுக்கும் படகானால் பச்சைக்குக் கீழே வெள்ளை. பிற வலைகளால் மீன்பிடிக்கும் படகானால் சிவப்புக்குக் கீழே வெள்ளை. இவை 1972-இல் வகுக்கப்பெற்று 1977 முதல் உலகெங்கும் நடைமுறையில் உள்ள விதிகள். எங்கள் படகிலோ கம்பத்தில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு! "நம்மளப் பாத்து அவன் வெலகிப் போவான்" என்பார் அப்பா. அந்த ஒற்றை விளக்கு நங்கூரமிட்ட படகா, நகரும் படகா, வலை இழுக்கும் படகா என்று அவன் எவ்வாறு அறிவான்?

2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் வீசிய ஒக்கிப் புயலை நாம் மறக்க முடியுமா? எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடல் சென்றிருந்த படகுகளைச் செய்தி எட்டவில்லை. அங்கே தவறியது மீனவரின் திறமை என்று எவரேனும் கூறினால் அது பெரும்பழி. சான்றிதழ் புயலைத் தடுத்துவிடாது. ஆனால் படகு வானொலியின் குரல் எவ்வளவு தொலைவு செல்லும், 16-ஆம் அலைவரிசையில் ‘மேடே’ என்று மும்முறை கூறித் தன் இடத்தை எவ்வாறு சொல்வது என்பதை அறிந்தவர் பிழைக்கும் வாய்ப்புக் கூடும். "நாகைக்குக் கிழக்கே மூன்று மணி நேர ஓட்டம்" என்பது எங்களுக்கு விளங்கும். தேடிவரும் விமானிக்கு விளங்குமா? அவருக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும்.

ஆகவே, சான்றிதழ் வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் அதற்கு ஏறும் படிகளை மீனவர் வீட்டு வாயிலில் இருந்து கட்ட வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்கு விடுமுறை, பெரும்பாலும் நம் கல்லூரிக்கும் விடுமுறை. குறுகிய காலப் பயிற்சிகள் ஆங்காங்கே நடப்பதுண்டு. அது போதாது. ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் அந்த 61 நாட்களும் வகுப்பு நடத்தல் வேண்டும். பாடம் தமிழில் அமைய வேண்டும். அணியம், சுக்கான், நீவாடு என்று எங்களிடம் இல்லாத சொல்லா? எழுதப் பழகாத கைகளுக்கு வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைக்கலாம். முப்பதாண்டு அனுபவத்திற்கு மதிப்பெண் தரலாம். அனுபவம் ஒன்றிற்கே முழு மதிப்பெண்ணும் தரலாகாது.

மாணவ நண்பர்களே! பட்டம் பெற்று மேசைமுன் அமர்வதே படிப்பின் பயன் என்று எண்ணுகிறோம். எட்டுப் பத்து உயிர்களைக் கடலுக்கு அழைத்துச் சென்று, முழுமையாகக் கரை சேர்ப்பவரின் கல்வி எவ்வகையில் தாழ்ந்தது? பேராசிரியப் பெருமக்களே! விடுமுறையில் எங்கள் துறைமுகத்திற்கு வாருங்கள். புவியியலும் இயற்பியலும் அங்கே மணலில் அமர்ந்து காத்திருக்கின்றன.

சென்ற தடைக்காலத்தில் படகிற்கு வண்ணம் பூசும்போது, அப்பா புதிதாக இரண்டு விளக்குகள் வாங்கி வந்தார். பச்சையை வலப்புறமும் சிவப்பை இடப்புறமும் தம் கையாலேயே பொருத்தினார். அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார் என்பதை அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.