தவளைக்கு வரும் மானியம் ஏரிக்கரைக்கு வர வேண்டாமா?

ஐப்பசி அடைமழை பிடித்து ஏரியில் தண்ணீர் ஏறும் இரவுகளில் தவளைச் சத்தத்தால் தூக்கம் கெடும் என்று வில்லியனூர், பாகூர் வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போதெல்லாம் அப்படித் தூக்கம் கெடுவதில்லை என்பதும் அவர்கள் சொல்வதுதான். மழை குறைந்தால் கணக்கெடுக்க ஆள் உண்டு. விளைச்சல் குறைந்தால் எழுதிக்கொள்ள அதிகாரி உண்டு. வரப்போரத்துத் தவளை குறைந்ததை மட்டும் எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதவில்லை.

தவளையைக் காக்க உலகத்தில் பணம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு அறக்கட்டளைகள் தருகின்றன. வன உயிர் நிதியங்கள் தருகின்றன. ஆனால் எந்த வயலில் தவளை முட்டையிடுகிறதோ, அந்த வயலுக்குச் சொந்தக்காரருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வந்ததாகச் செய்தி இல்லை. இது சரியா என்பதே கேள்வி.

தவளையால் பணம் பார்த்த காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. 1950-களில் தொடங்கிய தவளைக்கால் ஏற்றுமதி, 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு நாலாயிரம் டன்னைத் தாண்டியது. மழைக்காலத்து இரவில் விளக்கைக் காட்டிப் பிடித்து, பின்னங்காலை மட்டும் வெட்டி எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலேற்றினார்கள். பிரான்சும் அதன் அண்டை நாடுகளும் அமெரிக்காவும் வாங்கின. அதிகம் பிடிபட்டவை வயலில் வாழும் பெருந்தவளையும் குளத்துப் பச்சைத் தவளையும். பிடித்தவருக்குச் சில்லறை, ஏற்றுமதியாளருக்கு லாபம், அரசாங்கத்துக்கு அந்நியச் செலாவணி. வயல்காரருக்கு என்ன கிடைத்தது? இப்படிச் சம்பாதித்த செலாவணியைவிடப் பூச்சி மருந்து இறக்குமதிக்குப் போன பணம் அதிகம் என்று தடைக்காக வாதாடியவர்கள் அந்நாளில் கணக்குக் காட்டினார்கள். பூச்சி பெருகியதற்குத் தவளை குறைந்தது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குட்டை ரக நெல்லும் அளவுக்கு மீறிய யூரியாவும் தங்கள் பங்கைச் செய்தன. ஆனாலும் வாதத்தில் நியாயம் இருந்தது. 1987-ல் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. பிறகு சில ஆண்டுகளில் வங்காளதேசமும் தடை போட, வியாபாரம் இந்தோனேசியாவுக்கு நகர்ந்தது. தட்டு அதேதான், குளம்தான் மாறியது.

தடையோடு கதை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பிடிப்பதை நிறுத்திய அரசாங்கம், வாழ வைப்பதற்கு வழி செய்யவில்லை. ஏரி தூர்ந்தது, வரத்து வாய்க்கால் அடைந்தது, வயலில் குருணை மருந்து விழுந்தது. தவளை தோலாலும் சுவாசிக்கும் உயிர். தண்ணீரில் கரைந்த விஷம் வாய் வழியாகப் போக வேண்டியதில்லை; தோலே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு காலத்தில் நாற்றங்காலுக்கும் நடவு வயலுக்கும் கைநிறைய அள்ளிப் போட்ட போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நாட்டில் தடை வந்தது. அந்தத் தடை மனிதர்களுக்கு உண்டாகும் ஆபத்தையும் எண்ணி வந்தது. தவளைக்கு அது தற்செயலாகக் கிடைத்த லாபம்.

இனி நிதி எங்கே போகிறது என்று பார்க்கலாம். உலகத்தில் ஆராயப்பட்ட எட்டாயிரத்துச் சொச்சம் நீர்நில வாழ்வன இனங்களில் நூற்றுக்கு 41 அழியும் ஆபத்தில் உள்ளன என்று 2023-ல் வெளியான உலகக் கணக்கெடுப்பு சொல்கிறது. முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு மோசமான நிலை வேறு எந்த வகுப்புக்கும் இல்லை. அப்படியானால் பணமும் அங்கேதானே போக வேண்டும்? ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் இருபத்தைந்து ஆண்டுகளில் நிதி பெற்ற சுமார் 14,600 திட்டங்களை அலசி 2025-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தவளை வகையறாவுக்குக் கிடைத்தது மூன்று விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. யானை, புலி, கடலாமை என்று பார்த்தவுடன் மனதைத் தொடும் உயிர்களுக்கே பெரும்பங்கு. சொறித் தோலும் பிதுங்கிய கண்ணுமாக இருப்பதற்கு யார் பணம் கொடுப்பார்கள்?

அந்தச் சிறு பங்கிலும் இந்தியாவுக்கு வருவதில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறது. 2003-ல் அங்கே ஊதா நிறத் தவளை கண்டறியப்பட்டு உலகமே வியந்தது. 2014-ல் காலை ஆட்டிச் சைகை காட்டும் சின்னஞ்சிறு தவளைகளில் 14 புதிய இனங்களை டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி. பிஜுவின் குழு அறிவித்தது. வேறெங்கும் இல்லாத இனங்கள் அவை. அவற்றுக்குப் பணம் செலவழிப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிதி தருபவர்களின் விண்ணப்பத்தில் முதல் கேள்வியே, 'இந்த இனம் அழியும் பட்டியலில் உண்டா?' என்பதாகத்தான் இருக்கிறது. பாகூர் வயலில் இருக்கும் பெருந்தவளை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியா முழுவதும் பரவிக் கிடக்கும் இனம் அது. ஆகவே பணமும் இல்லை. ஊருக்கெல்லாம் உழைக்கும் மாட்டுக்குத் தீவனம் கிடையாது, கண்காட்சி மாட்டுக்கு மட்டும் உண்டு என்பது போன்ற கணக்கு இது. அரிதாகும் வரை காத்திருந்துவிட்டுப் பிறகு காப்பாற்றப் புறப்படுவதில் என்ன சிக்கனம் இருக்கிறது?

தவளை செய்யும் வேலையையும் மிகைப்படுத்த வேண்டாம். பெருந்தவளை வெட்டுக்கிளி, வண்டு, அந்துப்பூச்சி, வரப்பைத் துளைக்கும் நண்டு, சமயத்தில் சுண்டெலி வரை விழுங்கும். சிறு தவளைகள் பயிரின் அடித்தூரிலும் சேற்றிலும் கிடைக்கும் சின்னப் பூச்சிகளைப் பிடிக்கும். ஆனால் புகையான் கூட்டமாக இறங்கிவிட்டால் தவளையை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்க முடியாது. எல்லாத் தவளையும் பூச்சி தின்னி என்பதும் தவறு. குளத்துப் பச்சைத் தவளை நன்றாக வளர்ந்த பிறகு பெரும்பாலும் நீர்ச்செடிகளைத் தின்றே வாழ்கிறது என்று தென்னிந்தியாவில் நடந்த ஆய்வு காட்டியது. தவளை இருந்தால் மருந்துச் செலவு அடியோடு நின்றுவிடும் என்று யாராவது மேடையில் பேசினால் நம்ப வேண்டாம். ஒரு தெளிப்பு மிச்சமானாலும் சிறு விவசாயிக்கு அது லாபம்தான்.

இன்னொன்று. தவளை வேண்டும் என்று வேறு இடத்திலிருந்து பிடித்து வந்து விடுவது ஆகாது. இதே பெருந்தவளை அந்தமான் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே உள்ள சிற்றுயிர்களை விழுங்கிப் பெரும் தொல்லையாகிவிட்டது. இருக்கும் இடத்தில் இருக்க விடுவதுதான் வேலை.

இருக்க விடுவதற்கு என்ன செலவு? இங்கேதான் மானியத்தின் தேவை வருகிறது. சிக்கன நீர்ப்பாசனத்துக்காக நீர் மறைய நீர் கட்ட வேண்டும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும் என்று வேளாண்துறை சொல்கிறது. நிலத்தடி நீர் கீழே போய், கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவரும் பாகூர்ப் பகுதிக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் வயல் காயும் நாலைந்து நாளில் தலைப்பிரட்டை முழுவதும் செத்துப் போகும். முட்டையிலிருந்து கால் முளைத்துக் கரையேற அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வேண்டும். தண்ணீரும் மிச்சமாக வேண்டும், தலைப்பிரட்டையும் பிழைக்க வேண்டும் என்றால், வயலின் பள்ளமான மூலையில் எப்போதும் நீர் நிற்கும்படி முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விட வேண்டும். காணிக்கு ஒரு குழி நிலம் போதும். நூறில் ஒரு பங்கு. அரைக் காணி வைத்திருப்பவருக்கு அந்த ஒரு பங்கும் நெல்தான். அதை அவர் தர்மத்துக்கு விட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஜப்பானில் தொயோகா என்ற ஊரில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே அற்றுப்போன நாரையை வளர்த்து 2005-ல் மீண்டும் வெளியில் விட்டார்கள். நாரைக்கு இரை வேண்டும். இரைக்குத் தவளையும் மீனும் வேண்டும். தவளைக்கு வயலில் தண்ணீர் வேண்டும். எனவே தலைப்பிரட்டை தவளையாகிக் கரையேறும் வரை வயலை வடிக்காமல் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். மருந்து குறைத்து விளைந்த அந்த நெல்லுக்கு நாரையின் பெயரைச் சூட்டிக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். பறவைக்கு என்று ஒதுக்கிய பணம் உழவரின் கைக்கு வந்தது. ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கொக்கும் நாரையும் ஏரிக்குள் மட்டுமா மேய்கின்றன? சுற்றியுள்ள வயல்களில் இறங்கித்தானே வயிறு நிரப்புகின்றன! சரணாலயத்துக்கு வேலியும் கோபுரமும் பெயர்ப்பலகையும் போடும் பணத்தில் ஒரு பங்கு, பறவைக்குச் சோறு போடும் வயலுக்கும் வருவதே முறை.

இதற்கான அமைப்பு புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஏரிப் பாசனக்காரர்கள் 'கேஸ் கொமுன்' என்ற பொதுநிதி வைத்துப் பராமரித்த அனுபவம் பாகூரில் உண்டு. 1999-ல் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டத்தில் ஐரோப்பிய யூனியனின் நிதி வந்தது. புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளை மனதில் வைத்து வகுத்த திட்டம் அது. ஏரிதோறும் பாசனதாரர் சங்கங்கள் அமைந்தன. தவளைக்கால் தின்ற அதே ஐரோப்பாவின் பணம் ஏரிக்கு வந்ததில் ஒரு பிராயச்சித்தம் இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கரை உயர்ந்தது, மதகு சீரானது, சங்கம் பதிவானது. திட்டம் முடிந்த பிறகு வெளிப்பணத்தையே நம்பியிருந்த சங்கங்களுக்குச் சோர்வு வராமல் என்ன செய்யும்?

இன்று அப்படி ஒரு சங்கம் நேராக வெளிநாட்டு அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அந்தப் பணத்தைத் தொட முடியாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வாங்கி ஏரிச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கலாமா என்றால், 2020-ல் வந்த திருத்தம் அதையும் மூடிவிட்டது. வாங்கிய நிறுவனமே செலவு செய்யலாம். மற்றொரு சங்கத்துக்கு மாற்றக் கூடாது. ஆக, அயல்நாட்டுப் பணம் வந்தாலும் ஆராய்ச்சியாளரின் வண்டிச் செலவுக்கும் கேமராவுக்கும் ஆகும். வயல்காரரின் ஒரு குழி நிலத்துக்கு ஈடாக வருவது கடினம்.

உள்நாட்டு வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அந்தக் குழுவுக்கென உள்ளூர்ப் பல்லுயிர் நிதி ஒன்றுக்கும் இடம் வைத்திருக்கிறது. ஊரில் உள்ள உயிரினங்களை ஊராரே எழுதும் மக்கள் பதிவேடும் அதில் அடக்கம். தேசிய ஆணையம் எங்கோ டெல்லியில் இல்லை. சென்னை தரமணியில்தான் இருக்கிறது. ஆனால் புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லாமல், கொம்யூன் பஞ்சாயத்துகள் ஆணையர் கையில் ஓடின. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத இடத்தில் தவளைக்கு நிதி கேட்டுக் குரல் எழுப்புவது யார்? ஆகவே கோரிக்கையை ஏரிச் சங்கங்களே கையில் எடுப்பது நல்லது. வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூன்களின் சங்கங்களும் சேர்ந்து, ஒரு போகத்துக்கு, சம்பாவுக்கு மட்டும், காணிக்கு ஒரு குழி நீர்ப்பள்ளம் விடுபவருக்கு அந்தக் குழியின் விளைச்சல் மதிப்பை ஈடாகத் தர வேண்டும் என்று வேளாண்துறைக்கும் வனத்துறைக்கும் மனுக் கொடுக்கலாம். பெரிய தொகை ஆகாது. ஒரு கருத்தரங்கின் சாப்பாட்டுச் செலவில் ஓர் ஏரியின் ஆயக்கட்டுக்கு ஓரளவு ஈடு கட்டிவிடலாம்.

மனுவோடு ஆதாரம் கேட்பார்கள். அதற்கு நிபுணர் வர வேண்டியதில்லை. முதல் பெருமழை பெய்த இரவிலிருந்து வாரம் ஒரு நாள், இருட்டிய பிறகு ஏரிக்கரையிலும் கடைமடையிலும் கால் மணி நேரம் நின்று, எத்தனை விதமான தவளைக் குரல் கேட்கிறது, ஒன்றிரண்டா, பலவா, எண்ண முடியாத கூட்டமா என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். மழைக்காலத்தில் உடல் பளிச்சென்று மஞ்சளாக மாறி, தொண்டையில் நீலப்பை உப்பக் கத்துவது ஆண் பெருந்தவளை. அதைப் பள்ளிப் பிள்ளைகளும் அடையாளம் சொல்லிவிடும். எந்த வயலில் மருந்து அடித்தார்கள், எந்த வயல் காய்ந்தது என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். கரைக்குப் போகும்போது நல்ல டார்ச் விளக்கும் காலுக்குச் செருப்பும் அவசியம். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும்.