வாழ்நாளில் ஒரே ஒரு வீடு

சென்ற ஆவணியில் எங்கள் குடும்பத் திருமணம் ஒன்றுக்கு அமெரிக்காவிலிருந்து என் அத்தை மகன் வந்திருந்தான். வயது நாற்பத்தேழு. பந்தியில் பேச்சுவாக்கில், "இப்போது இருப்பது எங்களுக்கு நான்காவது வீடு" என்றான். முந்தைய மூன்றும் என்னவாயின என்று பெரியம்மா கேட்டார். விற்றுவிட்டதாகச் சொன்னான். பெரியம்மா குரலைத் தாழ்த்தி, "மூணையுமா? அப்படி என்னப்பா கஷ்டம்?" என்றார்.

நம்மிடையே வீட்டை விற்பதற்கு அதுதான் பொருள். கடன் கழுத்தை நெரித்திருக்க வேண்டும். அல்லது பாகப்பிரிவினையில் உடன்பிறந்தோர் மோதியிருக்க வேண்டும். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பழமொழி, விற்றுப் பார் என்று சொல்லவில்லை. ஐம்பதைக் கடந்த என் நண்பர்களில் பெரும்பாலோர் ஒரே ஒருமுறை வீடு வாங்கியவர்கள். விற்றவர்கள் இருவர், இருவரும் கடனுக்காக விற்றவர்கள். இதற்கு மண்ணின் மீதான பற்றைக் காரணம் சொல்வது வழக்கம். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். நானே விற்க முயன்றபோதுதான் பற்றைவிடப் பத்திரச் செலவு வலியது என்பது புரிந்தது.

2009-இல் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் இருபது ஆண்டுக் கடனில் அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை வாங்கினேன். அப்போது அலுவலகம் கிண்டியில் இருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து அது அம்பத்தூருக்கு மாறியது. நாளுக்கு மூன்றரை மணி நேரம் பயணத்தில் கழிந்தது. விற்றுவிட்டு அம்பத்தூர்ப் பக்கம் வாங்கலாம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்தக் காகிதம்தான் என்னைத் தடுத்தது. இன்றுவரை சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கொரட்டூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

அந்தக் கணக்கை இன்றைய விகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 60 லட்சத்துக்குக் குடியிருப்பை விற்று, 80 லட்சத்துக்கு ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்த குடியிருப்பை வாங்குவதாகக் கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக ரூ.7.20 லட்சம். தரகு இருபுறமும் ஒரு விழுக்காடு என்றாலும் ரூ.1.40 லட்சம். ஒரு பாத்திரத்தைக்கூட வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே எட்டரை லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது.

வீட்டுக்கடனும் இதே பக்கம்தான் இழுக்கிறது. 8.5 விழுக்காடு வட்டியில் 40 லட்சத்தை இருபது ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ.34,700. ஐந்து ஆண்டுகளில் 20 லட்சத்துக்கும் அதிகமாகக் கட்டியிருப்போம். அசலில் குறைந்திருப்பது ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அந்நிலையில் விற்பவருக்கு மிஞ்சும் தொகை, அடுத்த வீட்டின் பத்திரச் செலவுக்கே சரியாகிவிடலாம்.

2017-இல் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு விழுக்காடாக உயர்த்தியது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து, கட்டணத்தை இரண்டாகக் குறைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த மாற்றம்தான் கவனத்துக்குரியது. கட்டுநரிடமிருந்து முதன்முறை வாங்கும் அடுக்ககக் குடியிருப்பு 50 லட்சம் வரை என்றால் மொத்தம் 6 விழுக்காடு. மூன்று கோடி வரை 7 விழுக்காடு. மறுவிற்பனைக்கோ அதே 9 விழுக்காடு. புதிய கட்டடங்கள் எழ வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால், பழைய குடியிருப்பை விற்க முயல்பவர் சலுகை பெற்ற புதிய கட்டடத்துடன் போட்டியிட வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு: குடும்பத்தினருக்குள் தானசெட்டில்மெண்ட் எழுதினால் தீர்வைக்கு ரூ.40,000 என்றும் கட்டணத்துக்கு ரூ.10,000 என்றும் உச்சவரம்பு இருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு வீடு எளிதாகப் போகும். தேவைப்படுபவருக்கு எளிதில் போகாது.

சேலையூரில் என் அண்டை வீட்டார் எழுபதைக் கடந்த தம்பதியர். மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் இருக்கிறார்கள். அம்மையாருக்கு மூட்டுவலி. அதே கட்டடத்தில் தரைத்தளக் குடியிருப்பு விலைக்கு வந்தது. இரண்டும் ஒரே பரப்பு. ஆனால், மூன்று மாடி இறங்குவதற்கு ஐந்து லட்சத்துக்கு மேல் பதிவுச் செலவு. அவர்கள் மாறவில்லை.

செலவுதான் காரணம் என்பதற்கு என் அத்தை மகனின் நாடே சான்று. அங்கு முதன்மை வீடாக ஐந்தாண்டுகளில் இரண்டாண்டு குடியிருந்து விற்றால், தம்பதியருக்கு ஐந்து லட்சம் டாலர் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. 1997-இல் வந்த ஏற்பாடு இது. ஆனால், மூன்று விழுக்காடு வட்டியில் கடன் வாங்கியவர்கள், 2023-இல் வட்டி ஏழைத் தாண்டியதும் இருந்த இடத்தை விட்டு நகர மறுத்தார்கள். அந்த ஆண்டு அங்கு பழைய வீடுகளின் விற்பனை 1995-க்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. வழக்கமாக வீடு மாறுகிறவர்களும் செலவு கூடினால் அசையாமல் இருந்துவிடுகிறார்கள்.

நம் வருமான வரிச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. வீட்டை விற்ற நீண்டகால லாபத்தில், விற்பதற்கு ஓராண்டு முன்போ விற்றபின் ஈராண்டுக்குள்ளோ வேறு வீடு வாங்கினால் விலக்குண்டு. ஒருவர் வீட்டை மாற்றுகிறாரே தவிர, வருமானம் ஈட்டவில்லை என்ற புரிதல் அதில் இருக்கிறது. மாநிலத்தின் முத்திரைத் தீர்வையிலும் அந்தப் புரிதல் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. தனக்கிருக்கும் ஒரே வீட்டை விற்று ஈராண்டுக்குள் வேறொன்றை வாங்குபவருக்கு, விலை வித்தியாசத்துக்கு மட்டும் தீர்வை வசூலிக்கலாம். மேற்கண்ட கணக்கில் 80 லட்சத்துக்குப் பதில் 20 லட்சத்துக்கு மட்டும் 7 விழுக்காடு.

வருவாய் குறையும் என்பார்கள். மகாராஷ்டிரம் 2020 செப்டம்பரில் தீர்வையை 5-லிருந்து 2 விழுக்காடாகத் தற்காலிகமாகக் குறைத்தபோது மும்பையில் பதிவுகள் வெகுவாக உயர்ந்தன. அதில் ஒரு பகுதி, பின்னர் வாங்கவிருந்தோர் முந்திக்கொண்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே இழப்பே இராது என்று நான் வாதிடவில்லை. ஆனால், எல்லோருக்கும் விகிதத்தைக் குறைக்கும்படி கேட்கவில்லை. முதலீட்டுக்காக இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்குபவர் முழுத் தீர்வையையும் செலுத்தட்டும். பெரிய தொகைப் பத்திரங்களில் இரு தரப்பினரின் பான் எண்ணும் ஏற்கெனவே பதிவாகிறது. விற்றவரும் வாங்கியவரும் ஒருவரே என்று கண்டறிவது பதிவுத்துறையின் கணினிக்குப் பெரிய வேலையல்ல.