மாட்சாவா, காபியா? கேள்வியே தப்புங்க. (நீளமான த்ரெட்)

1/
"டாக்டர், காபியை விட்டுட்டு மாட்சாவுக்கு மாறிட்டேன். அப்பவும் டயர்டாவே இருக்கு."
நசரத்பேட்டையில என்கிட்ட இதைச் சொன்னது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போற 23 வயசுப் பொண்ணு. (அடையாளம் தெரியாம சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஹீமோகுளோபின் 8.6. குறைஞ்சது 12 இருக்கணும்.

2/
இரும்புச்சத்து மாத்திரை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்காங்க. ஒருநாள் விடாம போட்டிருக்கு. எதோட? காலையில மாட்சாவோட!
"அது ஹெல்தின்னு சொன்னாங்களே டாக்டர்." யாரும்மா சொன்னது? ரீல்ஸ்ல பவுடர் விக்கிறவர். என் கோபம் அந்தப் பொண்ணு மேல இல்ல.

3/
மாட்சாங்கிறது மந்திரப் பொடி இல்ல. டீச்செடிதான். நீலகிரியில வளருதே, அதே செடி. ஜப்பான்ல அறுவடைக்கு முன்னாடி சில வாரம் நிழல்ல வச்சு, இலையைக் காயவச்சு, மாவா அரைக்கிறாங்க. டீயில சாறை மட்டும் குடிக்கிறோம், இதுல இலையையே முழுங்குறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

4/
கணக்கைப் பாருங்க. 2 கிராம் மாட்சாவில காஃபீன் சுமாரா 40லேர்ந்து 80 மி.கி. வரை. ஐசிஎம்ஆர் – தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டியில, 150 மி.லி. வடிச்ச காபிக்கு 80–120, இன்ஸ்டன்ட்டுக்கு 50–65, டீக்கு 30–65 மி.கி. ஒரு நாளைக்கு மொத்தம் 300ஐத் தாண்டக் கூடாது.
சிக்கரியில காஃபீன் கிடையாது. காபித்தூள்ல 49% வரை சிக்கரி கலக்கச் சட்டமே அனுமதிக்குது. பால் தாராளமா ஊத்துற உங்க வீட்டு டம்ளரும் மாட்சாவும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தாலும் ஆச்சரியமில்ல.

5/
"மாட்சா குடுக்கிற எனர்ஜியே வேற டாக்டர்!"
ரெண்டுமே எனர்ஜி குடுக்கல. முழிச்சிருக்கிற நேரம் முழுக்க மூளையில அடினோசின் சேரும். அது போய் உட்கார்ந்தா தூக்கம் வரும். காஃபீன் முன்னாடியே போய் அந்த சீட்ல துண்டு போட்டுடுது. அடினோசின் எங்கயும் போகல, ஃபுட்போர்டுல தொங்கிட்டிருக்கு. துண்டை எடுத்ததும் மொத்தமா ஏறும். அதைத்தான் நீங்க 'க்ராஷ்'னு சொல்றீங்க.

6/
மாட்சாவில எல்-தியானின் இருக்கு, உண்மை. காஃபீனோட சேர்ந்தா கவனம் கொஞ்சம் கூடுதுன்னு சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்லுது. அதையும் மறைக்கல.
ஆனா படபடப்பு குறைஞ்சதுன்னா முதல் காரணம், நீங்க குடிக்கிற காஃபீன் குறைஞ்சதுதான். அரை டம்ளர் காபி குடிச்சுப் பாருங்க, அதுவும் குறையும்.

7/
காபி கட்சிக்காரங்க இப்பவே விசில் அடிக்க வேணாம். நாலு டம்ளர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா 30 கிராமைத் தாண்டும். ஒரு நாள் முழுக்கவே 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்குது உலக சுகாதார நிறுவனம்.
தைராய்டு மாத்திரையைக் காபியோட முழுங்குறவங்களை வாரா வாரம் பார்க்கிறேன். மாத்திரை சரியா உறிஞ்சப்படாது. தண்ணியோட போட்டுட்டு ஒரு மணி நேரம் பொறுங்க.

8/
இப்ப முக்கியமான விஷயம். டீ, மாட்சா, காபி மூணுலயும் இருக்கிற பாலிபீனால்கள் கீரை, பருப்பு, மாத்திரையில இருக்கிற இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். உடம்புக்குப் போக விடாது.
தேசிய குடும்ப நல ஆய்வு 5ன்படி (2019–21) தமிழ்நாட்டுல 15–49 வயசுப் பெண்கள்ல 53.4% பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! இந்தப் பெண்கள்கிட்டதான் "டயர்டா இருக்கா? மாட்சா வாங்கு"ன்னு விக்கிறாங்க.

9/
"வெளிநாட்டுச் சரக்கு, அதான் உங்களுக்குப் புடிக்கல"ன்னு கமென்ட் வரும். இல்லீங்க. நூறு வருஷம் முன்னாடி காபியையும் இப்படித்தான் திட்டினாங்க. ஆ.இரா. வேங்கடாசலபதியோட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படிங்க. இன்னைக்கு அதே காபி நம்ம பெருமை. இலை மேல எனக்குச் சண்டை இல்ல, அதைச் சுத்தி விக்கிற பொய் மேலதான்.

10/
அந்தப் பொண்ணு ஏன் டயர்டா இருக்கு? வாரா வாரம் மாறுற ஷிஃப்ட். நாலரை மணி நேரத் தூக்கம். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல காலைச் சாப்பாடு கிடையாது. மாசாமாசம் ஏழு நாள் அதிக ரத்தப்போக்கு, அதை யார்கிட்டயும் சொன்னதில்ல.
இதுல எதை ஒரு பச்சைப் பொடி சரி பண்ணும்? கஃபேல ஒரு கப்புக்குக் குடுக்கிற காசுல பூந்தமல்லி மார்க்கெட்ல ஒரு வாரத்துக்கு முட்டையும் கீரையும் வாங்கலாம்.

11/
சரி, என்ன செய்யலாம்?
• எது பிடிக்குதோ அதைக் குடிங்க. ஒரு நாளைக்கு ரெண்டு.
• சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் வேணாம்.
• இரும்பு மாத்திரை எலுமிச்சை ஜூஸோட.
• காஃபீன்ல பாதி வெளியேறவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். ராத்திரி தூங்குறவங்க மதியம் ரெண்டு மணிக்கு மேல தொடாதீங்க.
• கர்ப்பிணிகள் உங்க டாக்டர்கிட்ட அளவு கேளுங்க.

12/
ரெண்டு வாரத்துக்கு மேல அசதி போகலையா? பவுடர் ஆர்டர் பண்ணாதீங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. ஹீமோகுளோபின் டெஸ்ட் இலவசம்.

13/
அந்தப் பொண்ணை மாட்சாவை நிறுத்தச் சொல்லல. சாயங்காலம் டிபனுக்கு முன்னாடி மாத்திக்கச் சொன்னேன். ரத்தப்போக்குக்கு ஸ்கேன் எழுதியிருக்கேன். ஒரு மாசம் கழிச்சு வரும்.
உங்க வீட்டுலயும் "எப்பப் பாரு டயர்டு"ன்னு சொல்ற ஒருத்தங்க இருப்பாங்க. சோம்பேறின்னு திட்டாம, இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க.